தடிச்ச கொம்பு, மெலிஞ்ச கொம்பு

மருதுவின் பிளசர் காரில் ஆரன் அடிக்கக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. சட்டம் போட்டது சர்க்கார் இல்லை, மருதுதான். எழுமலைச் சந்தில் எதிரே ஆடு வந்தாலும், சைக்கிளில் வைக்கோல்கட்டு வந்தாலும், ஜன்னலுக்கு வெளியே கையை விட்டுக் கதவைப் படபடவென்று தட்டி, "ஓரம், ஓரம்" என்று கத்துவான். ஏறியிருப்பவர் வெளியூர்க்காரராக இருந்தால் ஆரன் ரிப்பேரா என்று கேட்பார். ஆஸ்பத்திரி ரோடு, சத்தம் போடக் கூடாது என்பான். ஆஸ்பத்திரியே இல்லாத ரோட்டிலும் இதையேதான் சொல்வான். மழை வந்தால் வைப்பர் போடமாட்டான். புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி பீடி பற்றவைத்துக்கொண்டு, மழை விட்ட பிறகு எடுப்பான். பொழுது சாய்ந்துவிட்டால் எவ்வளவு பெரிய சவாரி வந்தாலும் அவனுக்கு வயிற்றுவலி வந்துவிடும்.

சங்கதி இதுதான். பங்குனி மாதம் வண்டியின் டைனமோ படுத்துவிட்டது. வண்டி ஓட ஓட பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது டைனமோ. அது செத்துப்போனால், சம்பாத்தியம் நின்ற வீடு இருப்பு அரிசியைத் தின்பதுபோல, பேட்டரியில் உள்ளதைத் தின்றுதான் வண்டி ஓடும். ஆரன், வைப்பர், விளக்கு மூன்றும் பெருந்தீனிக்காரர்கள். அவற்றைத் தொடாமல் பகலில் மட்டும் ஓட்டினால் ஒரு நாள் தாங்கும். சாயங்காலம் பேட்டரியைக் கழற்றி எழுமலை பஜாரில் ரேடியோக் கடையில் சார்ஜுக்குப் போட்டு, விடியுமுன் எடுத்துவந்து மாட்ட வேண்டும். ஆவணி பிறக்கும்வரை வண்டி அப்படித்தான் ஓடியது.

பேட்டரியைச் சுமந்தது மருதுவின் பெண்சாதி பாண்டியம்மாள். அதற்கும் மருது ஒரு நியாயம் வைத்திருந்தான். காக்கிச் சட்டை போட்ட டிரைவர் தோளில் பேட்டரியோடு பஜாரில் நடந்தால், வண்டியில் டைனமோ இல்லை என்று தண்டோரா போட்ட கணக்கு. அப்புறம் எவன் சவாரிக்குக் கூப்பிடுவான்? பொம்பளை தலையில் கூடை போனால் யார் கேட்கப் போகிறார்கள்? பாண்டியம்மாளும் களையெடுத்துவிட்டு வந்த கையோடு பானட்டைத் தூக்கி, ஸ்பேனரால் பேட்டரியைக் கழற்றி, கூடையில் வைத்து, மேலே இரண்டு கை புல்லைப் போட்டு மூடிக்கொண்டு கிளம்புவாள். ஊர் முழுக்கத் தெரிந்த ரகசியம் அது. டீக்கடையில் நிற்கிறவர்கள், இன்றைக்குப் புல் ரொம்பக் கனமாக இருக்கும்போல என்று வாயைக் கிளறுவார்கள். ஈரப்புல் என்று சொல்லிக்கொண்டே அவள் போய்விடுவாள். கூடையிலிருந்து கசிந்த ஆசிட் அவளுக்கிருந்த நல்ல சேலை எல்லாவற்றையும் தின்றுவிட்டது. தோள்பட்டைப் பக்கம் சேலை சல்லடையாகக் கிடந்தது. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் சொல்லாததால் மருதுவும் பார்த்ததில்லை.

மாட்டும் விதத்தை முதல் நாள் அவன்தான் சொல்லிக்கொடுத்தான். பேட்டரித் தலையில் இரண்டு ஈயக் கொம்பு இருக்கும். ஒன்று தடிமன், மற்றது ஒல்லி. "தடிச்ச கொம்பு பாடிக்கு, மெலிஞ்ச கொம்பு வயருக்கு. இத மட்டும் மனசுல வச்சுக்க, மத்ததெல்லாம் தானா வரும்" என்றான். அவள் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நாளில் விளக்குகூட வேண்டியிருக்கவில்லை. இருட்டில் விரலால் தடவி, தடித்த கொம்பில் வண்டி உடம்போடு முறுக்கிய பாடி வயரையும் மெலிந்த கொம்பில் மற்றதையும் மாட்டி இறுக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிடுவாள். மருது அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. வந்து உட்காருவான், சாவியைப் போடுவான், வண்டி உறுமும். ஒருவேளை உறுமாவிட்டால் தள்ளிவிட வசதியாக, வீட்டு முன்னாலிருந்த மேட்டில் எதிர்வீட்டைப் பார்த்து நிறுத்தி வைத்திருப்பான்.

அந்த வண்டி வந்த கதையைச் சொன்னால்தான் அவன் பட்ட பாடு விளங்கும். மருதுவின் அப்பன் காலம்வரை அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு மண்வெட்டிதான் இருந்தது. உழுதது அடுத்தவர் காடு, ஓட்டியது அடுத்தவர் மாடு. மருது லாரியில் கிளீனராக ஓடி, லைசென்ஸ் எடுத்து, உசிலம்பட்டியில் ஒரு டாக்டருக்குப் பல வருஷம் கார் ஓட்டினான். டாக்டர் புது வண்டி வாங்கியபோது, பாக்கி நின்ற சம்பளத்துக்கு ஈடாகப் பழைய அம்பாசடரை இவன் தலையில் கட்டினார். கட்டினாரோ கொடுத்தாரோ, தெருவுக்கு முதல் கார் அது. அது வந்து நின்ற அன்று பெண்கள் ஆலாத்தி எடுத்தார்கள். மேலத்தெருவில் இரண்டொருவர், இனி நாம் மாட்டு வண்டியில் போக அவன் பிளசரில் போவான் என்று புகைந்ததாகவும் கேள்வி.

பிளசர் வந்தும் வீடு என்னவோ பழைய வீடுதான். மண்சுவர், மேலே கரும்புத்தோகைக் கூரை. நல்ல மழை இறங்கினால் வீட்டுக்குள் குடை பிடிக்க வேண்டும். அப்படிப்பட்ட ராத்திரிகளில் மகள் தங்கப்பொண்ணைத் தூக்கிக்கொண்டு இருவரும் காருக்குள் போய்ப் படுத்துக்கொள்வார்கள். அதனால் பாண்டியம்மாள் ஓடு சேர்த்துவந்தாள். நாட்டு ஓடு இல்லை, கம்பெனி முத்திரை குத்திய சீமை ஓடு. பருத்தி எடுத்த கூலி, கடலை பறித்த கூலி, நாற்று நட்ட கூலி எல்லாம் ஓடாக மாறி, மருதுவின் வண்டி டிக்கியில் கொஞ்சம் கொஞ்சமாக உசிலம்பட்டியிலிருந்து வந்து சேர்ந்தது. சுவரோரம் நிற்கவைத்து அடுக்கி ஓலை போட்டு மூடியிருந்தாள். வேலையில்லாத நாளில் ஓலையை விலக்கித் துடைப்பாள். வீட்டுக்குக் கூரையாவதற்கு முன்பே அந்த ஓட்டுக்குத் தனியாக ஒரு கூரை போட்டவள் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

மருதுவின் வீட்டில் அடுப்பு எரிந்தது பூவினால். பேயாண்டி என்கிறவர் சுற்றுப்பட்டித் தோட்டங்களில் மல்லிகை வாங்கி மதுரைப் பூ மார்க்கெட்டுக்கு அனுப்புகிறவர். விடியுமுன் டார்ச் அடித்துக்கொண்டு மொட்டுப் பறிப்பார்கள். ஈரச்சாக்கில் கட்டி, வாய் விரிவதற்குள் மதுரைக்குக் கொண்டுபோய் இறக்க வேண்டும். விரிந்த பூவை மார்க்கெட்டில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். மருது பின்சீட்டிலும் டிக்கியிலும் மூட்டையை அடைத்துக்கொண்டு கருக்கலில் கிளம்பினால் செக்கானூரணி தாண்டும்போது வெளுக்கும். ஊருக்குள் சவாரி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இந்த ஓட்டம் நிச்சயம்.

டைனமோ போனபிறகும் ஒருதரம் முயன்று பார்த்தான். பேட்டரியும் கிழடு. உசிலம்பட்டி தாண்டியதுமே விளக்கு மஞ்சளாகி, சுருங்கி, அகல் விளக்கானது. எதிரே கரும்பு வண்டி வந்தது கடைசிவரை தெரியவில்லை. மாடு மிரண்டு கத்தியதில்தான் பிரேக்கை மிதித்தான். மாட்டுக்கும் காருக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. அன்றே பேயாண்டி பூவை ஒரு வேன்காரனிடம் மாற்றிவிட்டார். டைனமோவைச் சரி பண்ணிக்கொண்டு வா, உனக்கே தருகிறேன் என்று மட்டும் சொல்லிவைத்தார்.

சரி பண்ணுவதற்கு மதுரையில் சிம்மக்கல் பக்கம் ஒரு சந்தில் ஹாலாஸ்யம் ஐயர் இருந்தார். பஸ் கம்பெனிப் பட்டறையில் எலக்ட்ரீசியனாக இருந்து ரிட்டையர் ஆனவர். நெற்றியில் விபூதி, இடுப்பில் கிரீஸ் வேட்டி. வேதம் படித்த வீட்டில் பிறந்து கார் வயிற்றில் கையை விடுகிறாயே என்று சொந்தக்காரர்கள் அந்தக் காலத்திலேயே கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். ஆடி மாதம் மருது கழற்றிக் கொண்டுபோன பழைய டைனமோவை அவர் பிரித்துப் பார்த்து, உள்ளே எரிந்த கம்பியை எத்தனை தரம் சுற்றினாலும் நாள்தான் போகும், இது முடிந்த கேஸ் என்றார். ஆல்டர்னேட்டர் போட்டுவிடு, கைபட்ட சாமானில் நல்லதாக ஒன்று பார்த்துத் தருகிறேன் என்று விலையும் சொன்னார். கைபட்டதற்கே ஆயிரத்தைத் தொட்டது. மருது அதைக் கேட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டான்.

சாயங்காலம் சோளச்சோற்றில் கருவாட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே இருந்தான். வாய்க்குப் போகவில்லை. பாண்டியம்மாள்தான் கேட்டாள்.

"ஐயரு என்ன சொன்னாரு மாமா?"

"பழசு இனிமே ஆகாதாம். புதுசு மாட்டணுமாம்."

"மாட்டிர வேண்டியதுதான?"

விலையைச் சொன்னான். அவள் சட்டியைச் சுரண்டுவதை நிறுத்தினாள்.

"அம்புட்டா?"

"அது புது மாதிரி டைனமோ புள்ள. பழசு வண்டி ஓடுனாத்தான் சார்ஜ் ஏத்தும். எங்கயாச்சும் நின்னா வெளக்கு காமாலை கண்டாப்புல ஆயிரும், பாத்திருக்கேல்ல. இது அப்பிடியில்லையாம். நின்ன எடத்துலயே ஏறுமாம்."

"நின்ன எடத்துல எப்பிடி ஏறும்?"

"ஏறுமாம். ஐயரு சொல்றாரு."

தங்கப்பொண்ணு கருவாட்டு முள்ளைப் பூனைக்குப் போட்டாள்.

"ஓட்டக் குடுத்துருவோம்" என்றாள் பாண்டியம்மாள்.

"நான் கேக்கல."

"நீ கேக்கல. ஒவ்வொரு வாய்க்கும் செவுத்தோரமே பாத்தா எனக்குத் தெரியாதா?"

"மழக்காலம் வருதே புள்ள."

"வந்தா வரட்டும். ஒழுகுனா பிளசருக்குள்ள படுத்துக்குவோம். பிளசரு போச்சுன்னா ஓட்டுக்குக் கீழ ஒக்காந்து என்னத்தத் திங்கிறது?"

இதைச் சொல்லிவிட்டு எழுந்து போய் ஓலையைச் சரியாக இழுத்து மூடிவிட்டு வந்தாள். விற்கப் போகிற ஓடுதான், இருந்தாலும் மூடினாள்.

வாங்கியது எதிர்வீட்டு மலையாண்டி. அவன் புதிதாகச் சுவர் எழுப்பி, மேலே எதைப் போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம். தெருவைக் கடந்து தூக்கிப் போக வண்டிக்கூலிகூட ஆகவில்லை. அவன் பெண்சாதி முருகம்மாளும் பாண்டியம்மாளும் சேர்ந்தே சுமந்தார்கள். அந்த வாரமே ஓடு எதிர்வீட்டில் ஏறிச் செக்கச்செவேலென்று உட்கார்ந்துகொண்டது. அந்த வீடு பள்ளத்தில் என்பதால் மேட்டிலிருந்து பார்த்தால் கூரை முழுசும் கண்ணுக்கு நேரே தெரியும். பாண்டியம்மாள் தலையை நிமிர்த்தாமல் வாசல் தெளிக்கக் கற்றுக்கொண்டாள். வந்த காசில் கொஞ்சத்தை மட்டும் முடிந்து வைத்திருந்தாள். மழைக்கு முன் புதுத் தோகை வாங்கிக் கூரை மேய்ந்துவிட வேண்டும் என்று.

ஆல்டர்னேட்டர் மாட்டிய அன்று ஐயர் ஒன்றுக்கு மூன்று தரம் சொன்னார். பழைய ஏற்பாடு தலைகீழாக மாறிவிட்டது, இனி மெலிந்த கொம்புதான் பாடிக்கு, மாற்றி மாட்டினால் அந்த நிமிஷமே பொசுங்கிவிடும் என்றார். வயர் முனைகளையும் அதற்குத் தக்கபடி புதிதாகப் போட்டுக் கொடுத்தார். மருது தலையைத் தலையை ஆட்டினான். அவன் மனசு அப்போதே நாகமலையைத் தாண்டி ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது.

இருட்டுகிற நேரத்தில் இரண்டு விளக்கும் எரிய, ஆரனை விடாமல் அடித்துக்கொண்டு தெருவுக்குள் வந்தான். ஐந்து மாதம் அடிக்காததை எல்லாம் அன்றே அடித்துத் தீர்த்தான். பிள்ளைகள் வெளிச்சத்துக்குள் ஓடின. முருகம்மாள் வாசலுக்கு வந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு, "எம்மாடி, என்னா வெளிச்சம்" என்றாள். பேயாண்டிக்கு ஆள் போனது. காலையிலேயே பூ ஏற்றலாம் என்று பதில் வந்தது.

டைனமோ நன்றாக இருந்த காலத்திலும் ராத்திரியில் பேட்டரி வீட்டுக்குள்தான். கார் ஸ்டாண்டில் ஒருதரம் களவு போனதிலிருந்து அது பழக்கம். பாண்டியம்மாள் அடுப்படியில் இருந்ததால் அன்று மருதுவே கழற்றிக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்தான். வைக்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. சந்தோஷத்தில் இருந்தான், பாவம். மல்லிகை விலையைப் பற்றியும், தை மாதத்துக்குள் திரும்ப ஓடு சேர்த்துவிடலாம் என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டே தூங்கிப்போனான்.

விடியுமுன் எழுந்து, எடை போடுவதைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தோட்டத்துக்கு நடந்தான். வந்து வண்டியை எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். பாண்டியம்மாள் சும்மா இருப்பாளா? அவன் வரும்போது வண்டி தயாராக இருக்கட்டும் என்று பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போனாள். பானட்டைத் தூக்கினாள். விரலால் தடவினாள். தடித்த கொம்பு பாடிக்கு. வயர் முனை உள்ளே இறங்கவில்லை, இறுகியது. புதுச் செருப்பு கடிக்கிற மாதிரி புது முனையும் கடிக்கும்போல என்று எண்ணி, திருப்புளியை விட்டு நெம்பி அகட்டி மாட்டினாள். மெலிந்த கொம்பு வயருக்கு. வைத்ததும் பெரிதாகப் பொறி பறந்தது. புது டைனமோவுக்குச் சக்தி அதிகம் என்றுதான் நினைத்தாள். ஸ்பேனரைப் போட்டு இறுக்கினாள்.

முதலில் வந்தது நாற்றம். ரப்பர் கருகுகிற நாற்றம். அப்புறம் இஞ்சினுக்குப் பக்கத்திலிருந்து புகை. அவள் வெறுங்கையால் வயரைப் பிடுங்கினாள். கை வெந்துபோனது. வயர் உருகித் தொங்கியது.

மருது பூ மூட்டைக்காரர்களை முன்னால் விட்டுப் பின்னால் வந்தான். தெருமுனையிலேயே நாற்றம் அடித்தது. பானட்டுக்குள் லாந்தரை நீட்டிப் பார்த்தான். வயர் இரண்டும் கொம்பு மாறி உட்கார்ந்திருந்தன.

"யாரு மாட்டுனது?"

"நாந்தான் மாமா. எப்பயும்போலத்தான் மாட்டுனேன். தடிச்சது பாடிக்கு."

அவன் லாந்தரைக் கீழே வைத்தான். பம்பரின்மேல் உட்கார்ந்து இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டான். அடிக்கவில்லை, வையவில்லை. பெரிய குணவான் என்று சொல்ல வரவில்லை. கையும் எழவில்லை, நாக்கும் எழவில்லை, அவ்வளவுதான். பாண்டியம்மாளுக்கோ அவன் நாலு அடி அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

பூவை வேன்காரனுக்குச் சொல்லியனுப்பி ஏற்றுவதற்குள் பாதி விரிந்துவிட்டது. பத்து மணிக்குப் பேயாண்டி வந்தார். கோபத்தோடுதான் வந்திருப்பார், பாண்டியம்மாளின் கையில் சுற்றியிருந்த துணியைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது.

"மருது, நான் ஒன்னியக் குத்தஞ் சொல்லல. ஆனா எம் பூவு ஒனக்காக வாய மூடிக்கிட்டு இருக்காதுப்பா. வெள்ளிக்கெழம பெரிய முகூர்த்தம். அன்னைக்கு வண்டி வந்தா வா. வரலைன்னா வேன்காரன்கிட்டயே நெரந்தரமாப் பேசி முடிச்சிருவேன். பெறகு வருத்தப்படக் கூடாது."

வெள்ளிக்கிழமைக்கு இடையில் மூன்று நாள்தான் இருந்தது.

தெருவில் என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடம், கண் பட்டுவிட்டது என்றான் மருது. பெண்சாதியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அவனுக்குத் தோன்றிய வழி அது. ஆனால் கண் என்று சொன்னால் யாருடைய கண் என்று ஊர் கேட்குமே. முதல்நாள் வெளிச்சத்தைப் பார்த்து வாய் பிளந்தது முருகம்மாள். ஓட்டையும் வாங்கிக்கொண்டு கண்ணையும் போட்டாள் என்று குழாயடியில் பேச்சு வந்துவிட்டது. முருகம்மாள் குடத்தை வைத்துவிட்டு ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாண்டியம்மாள் தன் குடத்தை இறக்கினாள்.

"கண்ணுமில்ல, மண்ணுமில்ல. எங் கைதான். நாந்தான் மாத்தி மாட்டிப் பொசுக்குனேன். அவுக எனக்காகப் பொய் சொல்றாக" என்றாள். "முருகம்மா, நீ மொதல்ல தண்ணியப் பிடி."

முருகம்மாள் குடத்தை எடுத்துக் குழாய்க்குக் கீழே வைத்தாள். சொல்லிவிட்டு வந்த தெம்பிலோ என்னவோ, பாண்டியம்மாள் வீட்டில் கூரைக்கென்று முடிந்து வைத்திருந்த காசை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு, ஐயரிடம் தானும் வருவதாகச் சொன்னாள். நீ எதற்கு என்றான் மருது. யார் மாட்டியது என்று கேட்டதற்குப் பிறகு அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தையே அதுதான். "பொசுக்குனவ நானு. நான் வந்து சொல்றேன்" என்றாள்.

கழற்றிய ஆல்டர்னேட்டரை அதே கூடையில் வைத்து அதே சேலைத் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாக வெயில் அவள் தோளில் விழுந்தது. சேலையின் பொத்தல்கள் வழியே ரவிக்கை புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருது செக்கானூரணி வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தான். ஐந்து மாதத்தில் அன்றுதான் பார்த்தான். அவனுக்கு வெட்கமாக இருந்தது.

ஹாலாஸ்யம் ஐயர் திறந்து பார்த்ததும் மூக்கைச் சுளித்தார். "என்னப்பா மருது, படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. திருப்பி மாட்டிட்டியா?"

"ஆமாங்க சாமி. தூக்கக் கலக்கம்."

"இல்ல சாமி, நாந்தான்" என்றாள் பாண்டியம்மாள்.

ஐயர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். "நீயா? தினம் பேட்டரி மாட்டறது நீயா?"

"பங்குனியிலருந்து நாந்தான் சாமி. தடிச்ச கொம்பு பாடிக்கு, மெலிஞ்ச கொம்பு வயருக்கு. அப்பிடித்தான் அவுக சொல்லிக்குடுத்தாக."

"இவன் மாட்டறதே கிடையாதா?"

"அவுக சாவி போடுவாக."

ஐயர் சிரித்துவிட்டார். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு மருதுவைப் பார்த்தார். "ஏம்ப்பா, இதை அன்னிக்கே சொல்லப்படாதோ? கையால மாட்டறவ இவ. நான் சாவி போடறவன்கிட்ட மூணு தரம் சொல்லியிருக்கேன். நீயும் அவகிட்ட ஒரு தரம் சொல்லலை. இவ பண்ணினது தப்புன்னு எப்படிச் சொல்றது? சொல்லிக்குடுத்ததைத்தானே சரியாப் பண்ணியிருக்கா."

பாண்டியம்மாள் அதுவரை அழவில்லை. புகை வந்தபோதும், குழாயடியிலும், பஸ்ஸிலும் அழவில்லை. இப்போது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பட்டறைக் கதவுப் பக்கம் திரும்பி நின்றாள். மருது என்ன செய்வதென்று தெரியாமல் கீழே கிடந்த ஸ்பேனர்களை எடுத்து அடுக்கினான்.

உள்ளே சுருள் வேகவில்லை, கரண்டை ஒரே பக்கமாக விடும் டயோடுத் தட்டு மட்டும்தான் போயிருக்கிறது என்றார் ஐயர். வேறொரு உடைசலில் இருந்து தட்டைக் கழற்றிப் போட்டுத் தரலாம், சாமானுக்கு மட்டும் கொடு, என் வேலைக்கு வேண்டாம் என்றார். சாமானுக்கும் உருகிய வயருக்குமாக, கூரைக்காசு அத்தனையும் போய்விட்டது. வேலை முடிந்ததும் ஐயர் பட்டறையில் கிடந்த ஒரு பேட்டரியை அவள் முன்னால் இழுத்துப்போட்டார். மருதுவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளை மாட்டச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு மாட்டச் சொன்னார். அவள் தடவினாள். விரல் பழக்கத்தில் தடித்த கொம்புக்குப் போய் அங்கே நின்றது. பிறகு மெலிந்ததற்கு வந்தது. இனி மறக்காமல் இருக்க, தோள்பட்டைப் பக்கம் இற்றுப்போயிருந்த சேலைத் துணியில் ஒரு முழம் கிழித்து, பாடி வயர் முனையில் கட்டிக்கொள்வதாகச் சொன்னாள். பேஷ் என்றார் ஐயர்.

வியாழக்கிழமை சாயங்காலம் மருது ஆல்டர்னேட்டரையும் வயரையும் வண்டியில் பூட்டி முடிக்கும்போதே இடி இடித்து, ராத்திரி நல்ல மழை. மேயாத கூரை ஊற்றித் தள்ளியது. தங்கப்பொண்ணைப் பின்சீட்டில் படுக்கவைத்துவிட்டு இருவரும் முன்சீட்டில் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். பேட்டரி பாண்டியம்மாளின் காலடியில், சாக்கு சுற்றி இருந்தது.

கருக்கலில் மழை விட்டிருந்தது. தோட்டத்துப் பக்கம் டார்ச் வெளிச்சங்கள் அலைந்தன. பாண்டியம்மாள் இறங்கிப் பானட்டைத் தூக்கினாள். காயம் ஆறாத கையால் தடவினாள். சேலைத்துணி கட்டிய முனை விரலில் பட்டது. மெலிந்த கொம்பு பாடிக்கு. முனை இதமாக உள்ளே இறங்கியது. தடித்தது வயருக்கு. பொறி வரவில்லை. இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள். மருது ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இறங்கி வந்து சரிபார்க்கவில்லை. சரியா என்று கேட்கவும் இல்லை. அவள் பானட்டை மூடியதும் சாவியைப் போட்டான்.

இஞ்சின் உறுமி, பிறகு நிதானமாக ஓடியது. சார்ஜ் ஏறவில்லை என்று ஐந்து மாதம் டாஷ்போர்டில் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கு அணைந்தது. மருது பெரிய விளக்கைப் போட்டான்.

வெளிச்சம் மேட்டிலிருந்து நேரே எதிர்வீட்டுக் கூரையில் போய் விழுந்தது. மழையில் கழுவிய ஓடு வரிசை வரிசையாக, ஒவ்வொன்றின் முத்திரையும் தெரிகிற மாதிரி, ஈரத்தோடு மினுங்கியது. ஒரு சொட்டு உள்ளே இறங்கியிருக்காது. முருகம்மாளும் பிள்ளைகளும் அதற்கடியில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஓடு ஏறிய நாளிலிருந்து பாண்டியம்மாள் அன்றுதான் தலையை நிமிர்த்தி அதைப் பார்த்தாள். பார்த்தவள் சட்டென்று திரும்பினாள்.

"வெளக்க அமத்து மாமா. பேட்டரி தீந்துரும்."

"தீராது."

"வண்டி நின்னுக்கிட்டுல்ல இருக்கு."

"நின்ன எடத்துலயே ஏறும் புள்ள. நீ பாரு."

அவள் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு நின்று பார்த்தாள். விளக்கு மங்கவே இல்லை. தோட்டத்திலிருந்து பேயாண்டி குரல் கொடுக்கும்வரை மருது அதை அணைக்கவும் இல்லை.